விழித்தவை, உறங்குபவை

வலது கை விழித்தவற்றுக்கு, இடது கை உறங்குபவற்றுக்கு. கோயில் வரிசையில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணுவதற்கு வாசலில் நிற்பவர் உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பாரே, கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடுமே, அது என் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று இருக்கிறது. கண்கள் நுண்ணோக்கியில். நூறு செல்களை எண்ணினால் இந்த ஸ்லைடு முடிந்துவிடும். இந்த ஸ்லைடு முடிந்தால் நாற்பத்தெட்டும் முடிந்துவிடும். வலது, வலது, இடது, வலது. மணி ஒன்று நாற்பது இருக்கும். சாப்பாட்டு நேரம், ஆய்வகத்தில் யாரும் இல்லை. குளிர்பெட்டி மட்டும், ஏதோ சொல்ல வந்து தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் மாதிரி, அடிக்கடி உறுமி அடங்குகிறது. இரண்டரைக்குக் கூட்டம். ஜெனிட்டா அக்கா தன் ஆறு வருட ஆராய்ச்சியின் முடிவை ஆய்வகத் தலைவரான மேடத்துக்கும் மற்றவர்களுக்கும் காட்டப் போகிறாள். அந்த முடிவு முழுக்க என்னுடைய இரண்டு கட்டைவிரல்களிலிருந்து வந்தது. வலது. இதை விழித்தது என்று சொல்லலாமா? உடல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் கிளைகள் அவ்வளவு குட்டையில்லை. சொல்லலாம். வலது. ஸ்லைடை நுண்ணோக்கியின் மேடையில் வைக்கும்போதே அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை லேபிளைப் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். நாற்பத்தெட்டு என்ற எண்ணுக்குக் கீழே, மூலையில், அரை நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் தடம். மஞ்சள் இருந்தால் அது அல்சைமர் வந்து இறந்தவருடைய மூளை. மஞ்சள் இல்லாவிட்டால் அந்த நோய் இல்லாதவருடைய மூளை. இது எனக்குத் தெரியக் கூடாது. ஆறு வாரமாகத் தெரியும்.

மைக்ரோகிளியா என்று கல்லூரியில் படித்தபோது அது பரீட்சைக்கு வேண்டிய இன்னொரு சொல்லாகத்தான் இருந்தது. இங்கே வந்து முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. வெளிர் நீலத்தின் மேல் பழுப்பு நிறத்தில், சிலந்திக் காலைவிட மெல்லிய கிளைகளை நாலாபக்கமும் நீட்டி, எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படியே நின்றுபோன மாதிரி. மூளைக்குள்ளேயே குடியிருக்கிற எதிர்ப்புச் சக்தி இதுதான், காவல் செல். ஒன்றும் இல்லாத நாட்களில் இப்படிக் கிளை விரித்துக் கிடக்கும், அதைத்தான் நாங்கள் உறக்கம் என்கிறோம். ஆபத்து என்று பட்டால் கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு புளியங்கொட்டை மாதிரி உப்பிவிடும், அது விழிப்பு. அல்சைமரில் மூளைக்குள் புரதம் கசடு கசடாகத் தேங்குகிறது. காவல் செல்கள் அதைத் தின்று சுத்தம் செய்ய ஓடி வருகின்றன. வந்தவை கசடோடு நிற்காமல் நரம்புகள் ஒன்றையொன்று தொடுகிற நல்ல இடங்களையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன, ஞாபகம் அங்கேதான் போகிறது என்று ஒரு கட்சி. இல்லை, அவை தின்பதால்தான் மிச்சம் இருப்பதாவது மிச்சம் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. ஜெனிட்டா அக்காவின் கேள்வி எளிமையானது. கசடே தேங்காத இடத்திலும் காவல் செல்கள் விழித்திருக்கின்றனவா? விழித்திருந்தால் அவற்றைத் தூங்க வைக்க வேண்டும். இடது. எனக்கு இதில் அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும். முடக்குவாதம். உடம்பின் காவல் சொந்த மூட்டையே அந்நியம் என்று நினைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மாவால் தாராபுரத்தில் பேருந்துக் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தது. காவலை அடக்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள், விரல்கள் விரிந்தன, அம்மா சப்பாத்தி மாவு பிசைந்து எனக்குப் படம் அனுப்பினாள். ஐந்தே மாதத்தில் இடுப்பைச் சுற்றி அக்கி. சின்ன வயதில் வந்து நரம்புக்குள் ஒளிந்திருந்த அம்மை, காவல் தூங்கிவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டது. குயவர் ஒருவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, மருத்துவர் தந்ததையும் விழுங்கிக்கொண்டு, "எந்தச் சாமி கேக்குதோ கேக்கட்டும்" என்றாள். நாலு வாரம் மல்லாந்து படுக்கவில்லை. காவலைத் தூங்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது கூட்டத்தில் திரையில் காட்டுகிற ஓர் அம்புக்குறி. வலது. எத்தனை ஆச்சு? கருவியைப் பார்க்கக் கூடாது, நூறாவதில் பார்த்தால் போதும்.

எண்ணுகிறவருக்கு எது நோயாளியின் மூளை என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தான் பார்க்க விரும்புவதைப் பார்க்கும். அதனால் உண்மையான பெயர்களை மறைத்து, கலைத்துப்போட்ட எண்களை ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவர் ஆராய்ச்சியில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். மேடம் யோசித்து ஆய்வக உதவியாளர் நாச்சிமுத்து அண்ணனிடம் பட்டியலைக் கொடுத்தார். "அவருக்கு எந்த முடிவு வந்தாலும் ஒண்ணுதான், அவரைவிட நடுநிலையான ஆள் இந்தக் கட்டடத்துலயே கிடையாது" என்று சிரித்தார். எண்கள் கலைந்துதான் இருந்தன. நாச்சிமுத்து அண்ணன் பட்டியலைப் பார்த்து ஒரு தப்பும் இல்லாமல் ஒட்டினார். தப்பு செய்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் எல்லாம் நடந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் தேநீர் டம்ளரோடு என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவராகவே சொன்னார். "மேல் தட்டுல இருக்கறது நல்ல மண்டைங்க, கீழ் தட்டுல இருக்கறது மறதி மண்டைங்க. நான் என்ன பண்ணுனேன்? காலைல பூரா மேல் தட்டு. சோறு உண்டுபோட்டு வந்து கீழ் தட்டு. ஒரு ஒழுங்கா செஞ்சாத்தானுங் அம்மிணி கலக்காம இருக்கும்?" நான் தலையாட்டினேன். நான் எப்போதும் தலையாட்டுவேன். அவர் டம்ளரைப் பிடித்திருந்த கையில், கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், மஞ்சள். அவர் வீட்டில் தினமும் ஏதாவது கலந்த சாதம், எலுமிச்சையோ புளியோ, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள். அந்த நகத்தைப் பார்த்த அதே நொடியில் எனக்கு லேபிள்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. மூன்றில் தடம் இல்லை. ஐந்தில் இருந்தது. ஒன்பதில் இருந்தது. பதினொன்றில் இல்லை. யாரும் என்னை அதையெல்லாம் கவனித்து வைக்கச் சொல்லவில்லை. நான் அப்படித்தான். பேசாதவர்களுக்குக் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் எந்தச் சுவிட்சின் மேல் விரல் அழுக்கு அதிகம் என்று பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு இருபத்திரண்டு ஸ்லைடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எண்ணியவை இருபத்தாறு. அப்படியானால் முதல் இருபத்திரண்டு சுத்தமா? அங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். அதற்கு முன்னாலேயே என் கண் மஞ்சளைப் பார்த்திருக்கிறது, இல்லாவிட்டால் ஞாபகம் வந்திருக்காது. எனக்குச் சொல்லாமல் கண் எப்போது முடிச்சுப் போட்டது? எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்ததா?

பார்த்தேன், ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. இதை இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பல் தேய்க்கும்போது சொல்லிக்கொண்டேன், விடுதிப் படிக்கட்டில் சொல்லிக்கொண்டேன். தெரிவது வேறு, எண்ணுவது வேறு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் விடைத்தாளைத் திருப்பியபோது ஒரு கணக்கின் விடை என் கண்ணில் பட்டுவிட்டது. பதினேழு. எனக்கும் பதினேழுதான் வந்திருக்கும், நான் பாதி செய்திருந்தேன். செய்து முடித்தேன், பதினேழு வந்தது. வந்ததா, வரவழைத்தேனா? நூற்றுக்கு நூறு என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார், எனக்கு அந்தக் கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. வலது, வலது. லேபிளின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஏன் செய்யவில்லை? மறைத்தால் ஏன் மறைக்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். மறைப்பதே, பார்த்துவிட்டேன் என்று சொல்வதுதானே. அது மட்டும் இல்லை. போன மாதம் பாதி முடிவுகளைப் பார்த்துவிட்டு மேடம் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தொட்டு, "வான்மதிக்கு நல்ல கண்ணு. எனக்கு முப்பது வருசத்துல இவ்வளவு தெளிவா எண்ணிக் கொடுத்தவங்க இல்லை" என்றார். காது சூடாகிவிட்டது. வாயைத் திறக்காமலேயே ஒரு இடத்தில் நான் நல்லவளாக இருந்தேன். நோயாளிகளில் நூற்றுக்கு அறுபது விழிப்பு, மற்றவர்களில் இருபத்தைந்து. இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிரிவதைப் பார்த்து ஜெனிட்டா அக்கா திரைக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தரையில் இருந்த கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது. தோன்றியதைக் கேட்கவில்லை. வலது.

கீழே, தரைத் தளத்தில், செவ்வாய்க்கிழமை தோறும் மறதி நோயாளிகளுக்கான வெளிநோயாளர் பிரிவு. இன்று செவ்வாய். காலையில் அதைத் தாண்டித்தான் வந்தேன். அங்கே ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், அறுபத்தெட்டு வயது இருக்கும், நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பேருந்து ஆடுவது போலக் கொஞ்சம் ஆடி, ஒவ்வொருவராக டிக்கெட்டைக் காட்டச் சொல்வார். காட்டாவிட்டால் கோபம் வந்துவிடும். "இறங்கு, இறங்கு, அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்க." அவருடைய மனைவி அவருக்கு ஓர் அடி முன்னால் போய், கைப்பையிலிருந்து பழைய துண்டுக் காகிதங்களை எல்லோர் கையிலும் வைத்துக்கொண்டே வருவார். போன மாதம் நான் அகப்பட்டுக்கொண்டேன். "அம்மா டிக்கெட்?" நான் வியர்த்து நின்றேன். அந்த அம்மா என் கையில் ஒரு மருந்துக் கடை ரசீதின் பாதியைத் திணித்து, "காட்டுங்க கண்ணு, ஒண்ணுமில்ல, பாத்துட்டுக் குடுத்துருவாரு" என்றார். காட்டினேன். அவர் அதை வாங்கி, நகத்தால் ஓரத்தில் ஒரு கிழி கிழித்து, திருப்பிக் கொடுத்தார். "நின்னுட்டு வராதீங்க, பின்னால எடம் இருக்குது." இவ்வளவு போன பிறகும், பின்னால் இடம் இருக்கிறது என்று நிற்கிற பெண்ணுக்குச் சொல்லத் தெரிகிறது. அதை அவருக்குள் எது வைத்திருக்கிறது? எந்தச் செல் இன்னும் அந்த இடத்தைத் தின்னாமல், அல்லது தின்ன வந்ததைத் தின்று, காத்துக்கொண்டிருக்கிறது? அக்காவின் முடிவு சரி என்றால் மேடம் அடுத்ததாக நெறிமுறைக் குழுவிடம் போவார். காவல் செல்களை அடக்குகிற மருந்தை முதலில் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்பார். விண்ணப்பத்தில் முதல் ஆதாரம் என் எண்ணிக்கை. சம்மதம் சொல்லியிருப்பவர்களின் பட்டியலைப் படியெடுத்துக் கொடுத்தது நான்தான். நான்காவது பெயர் அவருடையது. கையெழுத்து இடத்தில் மனைவியின் கையெழுத்து, பள்ளிப் பிள்ளை எழுத்தில், உருண்டை உருண்டையாக. வலது, இடது, வலது. கை வியர்க்கிறது, கருவி வழுக்குகிறது. நூறு.

அறுபத்தொன்று, முப்பத்தொன்பது. எப்போதும் போல. குறிப்பேட்டை இழுத்து நாற்பத்தெட்டுக்கு நேரே எழுதப் பேனாவை எடுத்தபோது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் வந்தார், கையில் கழுவிய சாப்பாட்டு டப்பா, தண்ணீர் சொட்டுகிறது. "ஏனுங் அம்மிணி, இன்னும் உண்ணப் போகலீங்களா? கூட்டத்துல கொறகொறன்னு வயிறு பேசுமுங், நீங்க பேசலீன்னாலும்." சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "அந்த நாப்பத்தெட்டுங்களா? அது ஒட்டிக்கிட்டே இருக்குதுங்களா, உரிஞ்சுக்கலீங்களே?" எதற்குக் கேட்கிறார் என்று பார்த்தேன். "இல்லீங், நேத்து எடுத்து அடுக்கறப்பப் பாக்கறேன், லேபிளு பாதி உரிஞ்சு நிக்குது. உங்ககிட்ட வரதுக்குள்ள காணாமப் போனா என்ர தலை போயிரும்னு, உண்டுபோட்டு வந்த கையோட புதுசா எழுதி ஒட்டிப்போட்டேன். மேல் தட்டுலயே அது ஒண்ணுதான் இப்படிப் பண்ணுச்சு." மேல் தட்டு. நான் ஸ்லைடைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தவரின் முகம். "சேரீங், நான் கூட்டத்துக்குச் சேர் போடறேன்" என்று போய்விட்டார். டப்பாவிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் கதவு வரைக்கும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. மேல் தட்டு என்றால் நல்ல மூளை. நோயே இல்லாத ஒருவருடைய மூளையில் நான் இப்போதுதான் அறுபத்தொரு விழித்த செல்களைப் பார்த்தேன். அறுபத்தொன்றையும் பார்த்தேன், பொய்யாக அமுக்கவில்லை. ஒவ்வொன்றும் உப்பித்தான் இருந்தது.

திரும்ப எண்ணினேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கும் முன்னாலேயே கருவிகளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன். ஸ்லைடு அதே இடத்தில்தான் இருந்தது, அதே விளக்கு, அதே செல்கள். இடது, இடது, இடது, வலது, இடது. கொஞ்சம் முன்னால் தடித்திருந்த அதே உடல் இப்போது பரவாயில்லாமல் இருக்கிறது, கிளைகள் நீளமாகத்தானே இருக்கின்றன, இதைப் போயா விழிப்பு என்றேன்? இடது. நூறு. இருபத்தாறு விழிப்பு. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. சரியான எண் கிடைத்துவிட்டது, நல்ல மூளைக்கு இருபத்தைந்துக்குப் பக்கத்தில்தானே வர வேண்டும். பிறகு அந்த நிம்மதியே என்னைப் பிடித்து உலுக்கியது. வர வேண்டும் என்றால்? இப்போதும் எனக்கு எது என்று தெரியுமே. இருபத்தாறும் என் எண்தான், செல்களின் எண் இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் ஒன்றும் மாறவில்லை. யாரோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு துண்டு, அது பாட்டுக்கு இருக்கிறது, இடையில் நான்தான் வலதும் இடதுமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு என்று எழுதிவிடலாம். இந்த எண்ணம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. எழுதினால் எல்லாம் பொருந்தும், யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், எனக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் ஏற்கெனவே எத்தனையோ இருக்கின்றன. அக்கா இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இரண்டு முறை காலம் நீட்டித் தந்தாயிற்று, இனி இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எண் ஒட்டி, என்னைத் தவிர வேறு யாராவது முதலிலிருந்து எண்ண வேண்டும், நான்கு மாதம். நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், சோறு தின்ற கையோடு தொட்டாயா என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள், அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆறு வாரமாகத் தெரிந்தவள் நான், நிற்கப் போகிறவர் அவர். கீழே இந்நேரம் அந்த அம்மா துண்டுக் காகிதங்களைத் திரும்பச் சேகரித்துக்கொண்டிருப்பார், அடுத்த வாரத்துக்கு வேண்டுமே. மருந்து அந்த நடத்துநருக்கு நல்லது செய்தால்? செய்யலாம். அதுவும் எனக்குத் தெரியாது. என் எண்ணிக்கை தப்பு என்பதால் அக்காவின் முடிவு தப்பு என்று ஆகிவிடாது. பதினேழு சரியான விடையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நான்காவது பெயரின் தலைக்குள் இருக்கிற காவலைத் தூங்க வைக்கலாம் என்று சொல்லப்போவது, இருக்கலாம் என்கிற ஓர் எண். மணி இரண்டு இருபது. இருபத்தாறு என்று எழுதினேன். அடித்தேன். அறுபத்தொன்று என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

"எட்டி வான்மதி, அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா கெடக்கு, என் வாழ்க்கை மாதிரி. சொல்லு பிள்ள சீக்கிரம், போட்டுட்டு ஓடணும்." ஜெனிட்டா அக்கா மடிக்கணினியைத் திறந்தபடியே ஒரு கையில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், கிளிப்பச்சை, மடிப்புக் கலையாமல் இருக்க நாற்காலியில் உட்காரவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து அவளுடைய அம்மா கூட்டத்துக்கு என்றே வாங்கி அனுப்பியது, காலையில் எல்லோரிடமும் காட்டினாள். "என்ன இப்பிடிப் பாக்குத? பேய் அடிச்ச மாதிரி நிக்கியே. தலை வலிக்கா? சாப்பிட்டியா நீ?" அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கை எடுத்த பிறகு சொல்ல மாட்டேன். முதலில் எதைச் சொல்வது, நகத்தையா, தட்டையா, தேநீரையா, முதலிலிருந்து சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன், எனக்குத் தெரியும், என் எல்லா வாக்கியங்களும் பாதியில் நின்றவைதான். "அக்கா, எது நோயாளியோடதுன்னு எனக்குத் தெரியும்." குரல் வேறு யாருடையதோ மாதிரி, சின்னதாக. "எதைச் சொல்லுத? இந்த ஸ்லைடா?" "எல்லாமே. லேபிள்ல அடையாளம் இருக்குது. ஆறு வாரமாத் தெரியும். இருபத்தாறு ஸ்லைடு தெரிஞ்சேதான் எண்ணுனேன். அதுக்கு முந்தியும் சுத்தம்னு சொல்ல முடியாது." அவள் கை இன்னும் என் நெற்றியில்தான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள். "இப்ப இந்த ஒண்ணை ரெண்டு தடவை எண்ணுனேன். நோயாளின்னு நெனைச்சப்ப அறுபத்தொண்ணு. இல்லைன்னு தெரிஞ்சப்ப இருபத்தாறு. ஒரே ஸ்லைடு அக்கா." குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினேன். அடித்திருந்த இரண்டு எண்களையும் அவள் நெடுநேரம் பார்த்தாள். கை நெற்றியிலிருந்து இறங்கியது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மடிக்கணினியை மேசையில் வைத்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள், மடிப்பெல்லாம் நசுங்க. "ஆறு வாரம்" என்றாள். "தெனமும் எங்கூட டீ குடிச்சியே பிள்ள." நான் பேனாவை மூடினேன். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குக் கை தட்டி இருப்பாவ." அவள் கண்ணிலிருந்து விழுந்தது புடவையில் அடர்பச்சையாகப் பரவியது, அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டி உறுமி நின்றது. "மேடம் என்னத்தான் முதல்ல கேப்பாவ. எனக்கு இப்ப வாய் வராது, நான் அங்க போய் நின்னா அழுதிருவேன். யாரு சொல்லுகது இதை?"

கூட்ட அறை பதினெட்டு அடி தூரத்தில் இருக்கிறது. பதின்மூன்று பேர் இருப்பார்கள், நாற்காலி இழுபடும் சத்தத்தை எண்ணினால் தெரியும். அந்த அறைக்குள் நான் பேசியதே கிடையாது, பெயரைச் சொல்லச் சொன்ன முதல் நாளைத் தவிர, அன்றைக்கும் இரண்டாம் முறை கேட்டார்கள். நான் சொல்கிறேன் என்று சொன்னேனா, அல்லது எழுந்து நடந்துவிட்டேனா, தெரியவில்லை. அக்கா பின்னால் வருகிற சத்தம் கேட்டது, மெதுவாக, தூரத்தில். கதவுக் கைப்பிடி ஜில்லென்று இருந்தது. திரையில் ஏற்கெனவே தலைப்பு வந்துவிட்டது, அதற்குக் கீழே அக்காவின் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில், செல் எண்ணிக்கை, என் பெயர். நாச்சிமுத்து அண்ணன் ஓரத்தில் கடைசி நாற்காலியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகும் வரைக்கும் காத்திருக்கலாமா என்று தோன்றியது. இல்லை, அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், அவர் செய்தது என்ன, நான் செய்யாதது என்ன என்று அவர் காதிலேயே விழட்டும். எல்லா முகங்களும் திரும்பின. மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "வா வா வான்மதி, ஜெனிட்டா எங்க? வந்து உக்காரு." பதின்மூன்று பேர். நாலாவது பெயர். ஒரு வாக்கியம், நடுவில் நிற்காமல் சொன்னால் போதும்.

"இல்லீங்க மேடம்," என்றேன். "நின்னுக்கறேன்."